சொன்ன சம்பளமும் கிடைத்த சம்பளமும்



நம் டிரஸ்டுக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களில் ஒரு வகை உண்டு. வீட்டில் நோயாளி இல்லை, மௌத் இல்லை, தொழில் நொடிக்கவும் இல்லை. மகன் சபரில் இருக்கிறான், மாதம் தவறாமல் வேலைக்கும் போகிறான். ஆனாலும் அடகு வைத்த நகை மீளவில்லை, கடனும் குறையவில்லை. எப்படி என்று கேட்டால் தாய் தலையைக் குனிந்து சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அவங்க சொன்னது ஒண்ணு, அங்க போய்ப் பார்த்தா வேற ஒண்ணு."

அந்த "அவங்க" யார் என்று விசாரித்தால் மனம் இன்னும் வலிக்கிறது. பல சமயம் அது முகம் தெரியாத ஏஜெண்டாக இருப்பதில்லை. மாமாவாகவோ மச்சானாகவோ, பக்கத்துத் தெருக்காரராகவோ, ஊரில் நல்ல பெயருள்ள ஒரு முதலாளியாகவோ இருக்கிறார். ஆகவே இந்த விஷயத்தை ஏஜெண்டுகளைத் திட்டிவிட்டுக் கடந்து போக முடியாது. ஆள் எடுப்பவர்களும் நாமே, வேலைக்குப் போகிறவர்களும் நாமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணம். துபாயில் ஒரு பகாலாவில் (மளிகைக் கடையில்) வேலை, மாதம் 1,800 திர்ஹம், சாப்பாடும் ரூமும் முதலாளி பொறுப்பு என்று சொல்லப்படுகிறது. விசாவுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். குடும்பம் அதை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்குகிறது. வட்டி ஹராம் என்று தெரிந்தே, வேறு வழியில்லை என்று வாங்குகிறது. ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சொன்னபடி நடந்தால், கைச்செலவுக்கு 100 திர்ஹம் போக 1,700 மிஞ்சும். அது 39,100 ரூபாய். வீட்டுச் செலவுக்குப் பத்தாயிரம் எடுத்தாலும் மாதம் 29,000 ரூபாய் கடனுக்குக் கட்டலாம். ஆறு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கை நம்பித்தான் தாய் வளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள்.

போய்ப் பார்த்தால் சம்பளம் 1,200. சாப்பாடு அவனுடைய செலவு. சாப்பாட்டுக்கு 400, கைச்செலவுக்கு 100 போக மிஞ்சுவது 700 திர்ஹம், அதாவது 16,100 ரூபாய். வீட்டுக்குப் பத்தாயிரம் போனால் கடனுக்கு 6,100 ரூபாய்தான். முதல் மாதம் அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். இப்படியே கட்டினால் கடன் தீர ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும். விசாவோ பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குத்தான்.

சம்பளத்தில் 600 திர்ஹமும் சாப்பாடும்தான் மாற்றிச் சொல்லப்பட்டன. சொன்னவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. அந்தப் பையனுக்கு அது அவன் வாலிபத்தில் மூன்று வருடம்.

பொய் எங்கே நுழைகிறது?

முழுப் பொய் சொல்பவர்கள் குறைவு. பாதியைச் சொல்லி மீதியை மறைப்பவர்கள்தான் அதிகம். அது நுழையும் வழிகள் சில.

சம்பளம்: ஓவர்டைம் சேர்த்து வரக்கூடிய தொகையைச் சம்பளம் என்று சொல்வார்கள். ஓவர்டைம் இல்லாத மாதத்தில் கையில் வருவது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

வேலை: "சூப்பர் மார்க்கெட்டில் சேல்ஸ்மேன்" என்பார்கள். சரக்கு இறக்குவதும், சைக்கிளில் மாடி மாடியாக டெலிவரி கொண்டுபோவதும் அதே வேலையில் சேர்த்தி என்பதை விட்டுவிடுவார்கள்.

நேரம்: "கடை நேரம்தான்" என்பார்கள். அந்தக் கடை காலை ஆறு மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடும் கடை என்பது போன பிறகு தெரியும். ஜும்ஆவுக்கு விடுவார்களா என்பதைக்கூட யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

விசா: "ஃப்ரீ விசா" என்பார்கள். அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. ஒருவர் பெயரில் விசா எடுத்து வேறொருவரிடம் வேலை செய்ய விடுவதற்கு வைத்த பெயர் அது. பிடிபட்டால் தண்டனை போன பையனுக்கு.

இன்னும் மோசமானது விசிட் விசா. "போய் இறங்கு, அங்கே மாத்திக்கலாம்" என்று அனுப்புவார்கள். மாற்ற முடியாமல் போனால் அந்தப் பையன் சம்பளத்துக்குப் புகார் கொடுக்கவும் வழியில்லாத ஆளாகிவிடுவான்.

மார்க்கம் காட்டும் வழி

திருக்குர்ஆனில் ஒரு வேலை நியமனம் நடக்கிறது. சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். மிஸ்ரிலிருந்து தப்பி, மத்யனுக்கு வந்து, ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களுக்கு உதவினார்கள். அந்தப் பெண்களில் ஒருவர், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு ஏற்றவர் என்று தகப்பனாரிடம் சொன்னார்.

அடுத்து அந்தப் பெரியவர் பேசிய விதத்தைக் கவனியுங்கள். தம் மகளை மணமுடித்துத் தருவதற்கு ஈடாக எட்டு வருட வேலை என்று காலத்தைச் சொன்னார். பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்று, கட்டாயத்தையும் விருப்பத்தையும் பிரித்துச் சொன்னார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் நாடவில்லை என்றும் சொன்னார். மூஸா (அலை) அவர்களும் அதைத் திருப்பிச் சொல்லி, இரண்டில் எதை நிறைவேற்றினாலும் என்மீது குற்றமில்லை என்று உறுதி செய்து, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள்.

காலம், கூலி, எது கட்டாயம், எது விருப்பம், சாட்சி. எல்லாம் வேலை தொடங்கும் முன்பே பேசப்பட்டுவிட்டன. வந்தவரோ ஊர் விட்டு ஊர் வந்தவர், கையில் ஒன்றும் இல்லாதவர். எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தவர். அந்த நிலையைப் பெரியவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஃபிக்ஹு சட்டமும் இதையே கேட்கிறது. கூலி ஒப்பந்தத்தில் செய்ய வேண்டிய வேலையும் கொடுக்க வேண்டிய கூலியும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் உள்ள நிபந்தனை. "வா, பார்த்துத் தர்றேன்" என்பது பெருந்தன்மைபோலத் தோன்றலாம். ஆனால் அது பின்னால் சண்டைக்கு வைக்கும் விதை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவம் முஸ்லிம் நூலில் உள்ளது. மழையில் நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். வேலையைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படித்தான். நனைந்த பகுதி மேலே தெரிய வேண்டும். ஆளிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதாகப் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. சொன்ன கூலியைக் குறைத்துக் கொடுப்பவரும் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் ஆள் கிடைப்பானா?

"எல்லாத்தையும் சொன்னா ஒருத்தனும் வரமாட்டான்" என்று முதலாளிமார்கள் சொல்கிறார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜான் வனஸ் என்ற ஆய்வாளர், டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான விளம்பரப் படத்தையும், இன்னொரு பகுதியினருக்கு வேலையின் சலிப்பையும் கண்டிப்பையும் சேர்த்துக் காட்டும் படத்தையும் போட்டுக் காட்டினார். உண்மையைப் பார்த்தவர்கள் வேலையை வேண்டாம் என்று ஓடிவிடவில்லை. சேர்ந்த பிறகு, விட்டுவிடலாம் என்ற நினைப்பும் அவர்களிடம் குறைவாக இருந்தது.

காரணம் எளிது. பன்னிரண்டு மணி நேர வேலை என்று தெரிந்து வந்தவனுக்கு, பதினோராவது மணி நேரம் களைப்பாக இருக்கும். எட்டு மணி நேரம் என்று நம்பி வந்தவனுக்கு ஒன்பதாவது மணி நேரமே துரோகமாக இருக்கும். களைப்பு தூங்கினால் போய்விடும், ஏமாற்றப்பட்ட நினைப்பு போகாது. அப்படிப்பட்டவன் மனம் வேலையில் ஒட்டுவதில்லை. சம்பளத்தில் பொய் சொன்னவர் நாளை லீவிலும் பொய் சொல்வார் என்று அவன் எதையும் நம்பமாட்டான். வாய்ப்புக் கிடைத்த அன்று சொல்லாமல் கிளம்பிவிடுவான். முதலாளி மறுபடியும் ஆள் தேட வேண்டும், வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். பொய்யால் அவருக்கும் நட்டம்தான். பரகத் போவது அதற்கும் மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அரசிடம் பதிவு செய்த ஏஜெண்டு மட்டுமே இந்தத் தொழிலைச் செய்யலாம். பதிவில்லாமல் செய்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கும் ரசீது தர வேண்டும். ஏஜெண்டின் பதிவு எண் உண்மையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக "ஈசிஆர்" நிலை இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. இதைத் தொல்லை என்று நினைத்து விசிட் விசாவில் குறுக்கு வழி தேடுகிறோம். ஒப்பந்தத்தை ஓர் அரசு அலுவலகம் பார்ப்பது அந்த ஒரு கட்டத்தில்தான். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் இவர்களுக்குக் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் மௌத்தானாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். நேர்வழியில் போகாத பிள்ளையின் குடும்பம் இந்தப் பாதுகாப்பையும் இழக்கிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, சோதனைக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. கத்தாருக்குப் போகிறவர்கள் சென்னையிலுள்ள கத்தார் விசா மையத்திலேயே ஒப்பந்தத்தைப் பார்த்துக் கையெழுத்திட முடியும். இங்கே ஒரு ஒப்பந்தம், அங்கே இறங்கியதும் வேறு ஒப்பந்தம் என்ற பழைய மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு இது. 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். சாப்பாடு தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 ரியால் சேர்த்துத் தர வேண்டும்.

இப்போது அந்த ஒன்றரை லட்சத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அது எந்தச் சட்டத்திலும் இடமில்லாத பணம். முதலாளி செலவில் வர வேண்டிய விசாவை, "என் மூலமாகக் கிடைத்தது" என்பதற்காகச் சொந்தக்காரருக்கு விற்று வாங்கிய பணம். உதவி என்ற பெயரில் அதைச் செய்திருந்தால் நம் உலமாக்களிடம் போய் அதன் நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளூர் முதலாளிமார்களுக்கு

இது சபருக்கு மட்டுமான பேச்சு அல்ல. சென்னையிலும் வெளியூர்களிலும் கடை வைத்திருக்கும் நம் முதலாளிமார்கள் ஊரிலிருந்துதான் பையன்களை அழைக்கிறார்கள். அவர்களும் புதிதாக வருபவனிடம் ஏழு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்: சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், என்னென்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வாராந்தர லீவு எந்த நாள், சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு, ஊருக்குப் போக எப்போது எத்தனை நாள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தாள் பெரிய வேலையில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். 2021-இல் வந்த திருத்தத்தின்படி ஊழியர்கள் உட்கார இருக்கை வசதியும் செய்து தர வேண்டும். நாள் முழுவதும் நின்று கால் வீங்கும் பிள்ளைகளுக்கு அது சலுகை இல்லை, உரிமை.

ஆளை எடுத்த பிறகு முதல் மாதம் முக்கியம். மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ கடைத்தெரு எங்கே என்று மட்டும் காட்டச் சொன்னார்கள். புது இடத்தில் ஒருவனுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் வழிகாட்ட ஒரு ஆள்தான். பழைய பையன்களில் பொறுமையானவன் ஒருவனிடம் புதியவனை ஒப்படையுங்கள். பள்ளிவாசல் எங்கே, மெஸ் எங்கே, கல்லாவில் கணக்கு வித்தியாசம் வந்தால் யாரிடம் சொல்வது என்று அவன் காட்டித் தரட்டும். முதல் வாரத்தில் தவறு செய்தால் வாடிக்கையாளர் முன்னால் ஏசாதீர்கள். பத்து நாள் கழித்து, "நான் சொன்ன மாதிரிதானே இருக்கு? வித்தியாசம் ஏதாவது இருக்கா?" என்று நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பையன்கள் நின்றுவிடுவார்கள்.

நம் பக்கத்துப் பொய்

நியாயமாகப் பேசினால், பொய் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஓட்டத் தெரியாத பையனை டிரைவர் என்றும், கரண்டி பிடிக்காதவனை மாஸ்டர் என்றும் அனுப்புகிறோம். அனுபவச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குகிறோம். உடல்நலக் குறைவை மறைக்கிறோம். முதல் வாரத்திலேயே சாயம் வெளுத்து, அவன் அவமானப்பட்டு, குறைந்த சம்பள வேலைக்குத் தள்ளப்படுகிறான். பிறகு முதலாளியைக் குறை சொல்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கற்றுக்கொள்கிறேன் என்று சேர்ந்தவனுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

சபரிலிருந்து லீவில் வரும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டுப் பேர் படுக்கும் ரூமையும் வெயிலையும் மறைத்து, சென்ட் பாட்டிலையும் போனையும் மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள். உங்களைப் பார்த்துத்தான் அடுத்த பையன் படிப்பை நிறுத்துகிறான்.

பணம் கொடுக்கும் முன்

தாய்மார்களே, நகை உங்களுடையது. கழற்றும் முன் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒப்பந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் படிக்கக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். விசா தாளில் எழுதியிருக்கும் வேலையும், வாயால் சொல்லும் வேலையும் ஒன்றா என்று பாருங்கள். அதே இடத்தில் இப்போது வேலை செய்யும் ஒரு பையனோடு போனில் பேச வையுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். "நம்ம ஆளுகிட்ட ரசீதா?" என்று முகம் சுளித்தால், நம்ம ஆள் என்பதால்தான் மனஸ்தாபம் வேண்டாம் என்று கேட்கிறோம் என்று சொல்லுங்கள். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் மூன்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும்.

ஏஜெண்டைத் தவிர வேறு வழியும் உண்டு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் நடக்கிறது. அங்கே பதிவு செய்யலாம்.

போன பிறகு ஏமாற்றம் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பையன் கையெழுத்திட்ட தாளையும், சம்பளம் வந்த விவரத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குடும்பமே இங்கிருந்து புகார் பதியலாம். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தையும், நம் மாநிலத்தின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தையும் அணுகலாம். வேலையிடத்தை விட்டுத் திடீரென்று ஓடிவிடுவது மட்டும் வேண்டாம். ஓடிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்தால் நியாயம் இருந்தும் அவன் குற்றவாளியாக நிற்க நேரிடும்.

கடனில் மூழ்கியவருக்கு ஜகாத்தில் பங்கு உண்டு. அந்தப் பங்கை நம் டிரஸ்ட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், இன்ஷா அல்லாஹ். ஆனால் ஒரு கையால் நாமே உண்டாக்கிய கடனை இன்னொரு கையால் ஜகாத் கொடுத்து அடைப்பது எத்தனை காலத்துக்கு? அடுத்த முறை ஒரு பையனை வேலைக்குக் கூப்பிடும்போது, அவன் தாய் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சம்பளத்தைச் சொல்வோம்.

நம் சொல்லிலும் சம்பாத்தியத்திலும் அல்லாஹ் பரகத் செய்வானாக. சபரில் இருக்கும் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.